என்ன படிக்கிறீங்க?

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் போன மாதம் ஒரு பையனிடம், "என்ன படிக்கிறீங்க தம்பி?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "மெக்கானிக்கல் சார். முடிச்சு மூணு வருஷம் ஆச்சு" என்றான். நான் கேட்டது அவன் முன்னால் விரிந்து கிடந்த புத்தகத்தை.

தமிழ்நாட்டில் இது ஒரு சங்கடம். படிப்பு என்றால் நமக்குப் பட்டம். கல்யாணப் பேச்சில் 'பையன் என்ன படிச்சிருக்கான்' என்று கேட்டால், அவன் கடைசியாகப் படித்த நாவலின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் சம்பந்தம் அங்கேயே நின்றுவிடும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் இழுத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: இப்போ, கையில, என்ன புத்தகம் ஓடிக்கிட்டிருக்கு?

இந்த விசாரணையில் நான் இறங்கியதற்குக் காரணம் எங்கள் அலுவலக ஆண்டு மலர். 'புத்தகங்களை ஏன் வாசிக்க வேண்டும்?' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சாப்பாட்டு வேளையில் புத்தகம் பிரிக்கிற ஆள் அங்கே நான் ஒருவன்தான் என்பதால் என் தலையில் விழுந்தது. மூன்று நாள் உட்கார்ந்தேன். அறிவு வளரும், சொல்வளம் கூடும், மனம் விரியும் என்று எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தால், எழுதிய ஆளை எனக்கே பிடிக்கவில்லை. சொல்வளம் கூட வேண்டும் என்று நான் ஒருநாளும் புத்தகம் எடுத்தது கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு அடங்கியதும் வேறு ஒரு ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்றுதான் எடுத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டால் எல்லாரும் மேடை ஏறிவிடுகிறோம். என்ன என்று கேட்டால்தான் ஆள் வெளியே வருகிறார். கொஞ்சம் வெட்கப்படுகிறார், கொஞ்சம் பொய் சொல்கிறார், திடீரென்று டீ ஆறுவது தெரியாமல் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். சரி, அதையே கேட்போம் என்று ஒரு மாதம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

முதலில் அம்மா. அவளுக்கு 85 நடக்கிறது. கண்புரை அறுவை முடிந்த பிறகும் "எழுத்து ஊருதுடா" என்கிறாள். ஆனாலும் தலைமாட்டில் ஏதாவது இல்லாமல் தூக்கம் வராது. அம்மாவின் வாசிப்பைச் சொல்ல வேண்டுமானால் தாத்தாவின் பைண்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்தது. மூன்றரை வருஷம். வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றிப் பிரித்தெடுத்து, ஒரு பாகம் சேர்ந்ததும் பைண்டிங்கிற்குக் கொடுத்துவிடுவார் தாத்தா. மணியம் வரைந்த படங்களோடு ஐந்து தடிமனான பைண்டுகள். கதை முடிகிற பக்கத்தின் மறுபுறத்தில் பாதி துணுக்கும் பாதி தைல விளம்பரமுமாக என்னவாவது இருக்கும். சின்ன வயதில் நான் முதலில் படித்தது அந்த மறுபுறங்களைத்தான்.

மூன்றாவது பைண்டில் ஒரு அத்தியாயம் கிடையாது. அந்த வாரத்து இதழை இரவல் வாங்கிப் போன பக்கத்து வீட்டு மாமி திருப்பித் தரவே இல்லை. அம்மாவுக்கு அப்போது 12 வயது. கல்யாணம், அடுக்களை, நாங்கள் நான்கு பேர், அப்புறம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற மாத நாவல்கள் என்று வாழ்க்கை போய்விட்டது. கதையில் அந்த ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. கல்கியின் நூற்றாண்டையொட்டி அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இப்போது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சினிமா வந்த பிறகு புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகத்தையும் கட்டாகக் கட்டிக் குவித்து வைத்திருந்தார்கள். என் மகள் ஒரு கட்டு வாங்கி வந்தாள். அம்மா மூன்றாவது பாகத்தை எடுத்து, அந்த ஒரே ஒரு அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து, ஜன்னலோரமாக உட்கார்ந்து படித்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் வச்சிருந்ததே நல்லா இருந்ததுடா."

எழுபது வருஷமாக அந்த இடத்துக்கு அவள் சொந்தமாக ஒரு அத்தியாயம் வைத்திருந்திருக்கிறாள். அது என்ன என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அடுத்து, எங்கள் ஆபீஸ் வேன் ஓட்டும் அண்ணன். கேள்வியைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "படிக்கிறதில்ல சார், கேக்குறேன்" என்றார். ராத்திரி சென்னை ட்ரிப் போகும்போது யூடியூபில் 'வேள்பாரி' நாவலைப் போட்டுவிடுவாராம். விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு போர் முடிந்துவிடுகிறது. இரண்டு தடவை முழுசாகக் கேட்டாயிற்று. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது படிக்கிற கணக்குல வருமா சார்?" என்றார். குற்றம் செய்தவர் மாதிரி கேட்டார்.

வரும் என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. நம் ஊரில் படிப்பு என்பதே காதால் நடந்த காரியம். பழைய வித்வான்கள் யாரும் 'இன்னாரிடம் படித்தேன்' என்று சொல்வதில்லை, 'பாடம் கேட்டேன்' என்றுதான் சொல்வார்கள். ஏடு ஒன்று, கேட்பவர் பத்துப் பேர். திருக்குறளிலும் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்ததாகவே கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் வள்ளுவர். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் திண்ணையில் உட்கார்ந்து பாரதக் கதையை முழுசாகக் கேட்டு முடித்த ஊர் இது. அண்ணனுக்குத் திண்ணை இல்லை, ஸ்டீயரிங் இருக்கிறது.

பாடம் கேட்டது என்றதும் கும்பகோணத்துக்காரனான எனக்கு உ.வே.சாமிநாதையரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறந்தது உத்தமதானபுரம் என்றாலும் கும்பகோணத்தில் நாங்கள் அவரை விட்டுக்கொடுப்பதில்லை. காவிரிக் கரைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் ஆயிற்றே. இப்போது என் கையில் ஓடிக்கொண்டிருப்பதும் அவருடைய தன்வரலாறுதான், மூன்றாவது முறையாக. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் காலமானபோது முடியாமல் நின்றுபோன புத்தகம். இதில் ஒரு தேதிக்காகவே நான் திரும்பத் திரும்ப வருகிறேன்: 1880 அக்டோபர் 21.

அன்றைக்கு சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் 25 வயது சாமிநாதையர். முதலியார் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப், அதாவது நீதிபதி. வந்தவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்கிறார் இவர். அந்தப் பெயரைக் கேட்டால் எந்தச் சபையும் எழுந்து நிற்கும். முதலியார் அசையவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள்? இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஆரம்பித்துப் பட்டியலைச் சொல்லிக்கொண்டே போகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதனாலெல்லாம் என்ன பிரயோஜனம் என்கிறார் அந்த மனிதர். பழைய நூல் ஏதாவது படித்ததுண்டா? சீவக சிந்தாமணி?

படித்ததில்லை. புத்தகமே கிடைத்ததில்லை.

எனக்கு இந்த இடம் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை ஒருவர் அரை நிமிஷத்தில் தள்ளிவிடுகிறார். நானாக இருந்தால் கோபித்துக்கொண்டு வெளியேறி, காபி கடையில் நின்று அந்த முன்சீப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இவர் முதலியார் கொடுத்த பிரதியை வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறார். சைவ மடத்தில் வளர்ந்தவருக்குச் சமணக் காப்பியம் பிடிபடவில்லை. ஊரிலிருந்த சமணர்களின் வீட்டுக்குப் போய், அவர்களிடம் பாடம் கேட்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. கரையான் தின்றுகொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராகப் போன கதையெல்லாம் அதற்கு அப்புறம்தான். இத்தனைக்கும் பின்னால் இருந்தது, என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஒருவர் மரியாதைக் குறைவாகக் கேட்ட ஒரு கேள்வி.

அதனால் இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் பயத்தோடுதான் கேட்கிறேன்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு மகளோடு போயிருந்தேன். அங்கே என் குறுகிய புத்தி ஒன்று வெளியே வந்தது. பணம் சேர்ப்பது எப்படி, காலை ஐந்து மணிக்கு எழுவது எப்படி என்று சொல்லித்தரும் மொழிபெயர்ப்புகளைக் காலேஜ் பிள்ளைகள் இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். "இதெல்லாம் ஒரு படிப்பா" என்று முணுமுணுத்தேன். "நீ என் வயசுல க்ரைம் நாவல் படிச்சியாமே, பாட்டி சொன்னாங்க" என்றாள் மகள். ஆமாம், படித்தேன், பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து. மேற்கொண்டு பேசாமல் இருவரும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றோம்.

திருச்சியில் என் மைத்துனர் வீட்டு மாடியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பல வருஷமாகக் குடியிருக்கிறார். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவரிடம் போய், "ஐயா, இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, படிக்கிறது பள்ளிக்கூடத்திலை. புத்தகத்தை நாங்கள் வாசிக்கிறனாங்கள்" என்றார். எங்கள் பக்கம் வாசிப்பது என்றால் முதலில் நாதஸ்வரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர்கள் சொல்வதுதான் சரி. மெக்கானிக்கல் தம்பியிடம் 'என்ன வாசிக்கிறீங்க' என்று கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

அவர் வாசிப்பது ஒரு டேப்லெட்டில். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம் ஒன்று 2005இலிருந்து இருக்கிறது. அதில் பழைய மலர் ஒன்றைத் திறந்து வைத்து, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா மலர். கடை விளம்பரங்கள், பரிசு பெற்ற மாணவர் பெயர்கள், மங்கலான ஒரு குழுப் படம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன், முதலியார் மாதிரி. "பேருகள் இருக்குது" என்றார்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அவருக்கு முப்பது வயதுக்குள். 1981 மே 31 இரவு. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1933இல் சின்ன அளவில் தொடங்கி, ஊர் கூடிச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த நூலகம் அது. அங்கே எடுத்த இரண்டு புத்தகங்கள் அப்போது அவர் வீட்டில் இருந்தன. தவணை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்ததாம். தண்டம் கட்ட வேண்டுமே என்று இழுத்தடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நூலகம் போய்விட்டது, திருப்பிக் கொடுக்காத அந்த இரண்டும் மிஞ்சிவிட்டன. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இப்ப எங்க ஐயா?" என்றேன்.

"95 இடப்பெயர்விலை போச்சுது. மழை. கையிலை எதை எடுக்கிறது எண்டு தெரியேல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன்."

பிறகு மறுபடி மலருக்குள் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் அவர் விரல் எழுத்துகளைப் பெரிதாக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

இனி எங்கள் கிளை நூலகம். காலையில் பத்திரிகை மேஜையைச் சுற்றி ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். ஒரு நாளிதழை நான்கு தாளாகப் பிரித்து நான்கு பேர் படிப்பார்கள். உள்ளே இருக்கிற பெஞ்சுகளிலெல்லாம் இளைஞர்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். எல்லாரும் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காரர்கள். கையில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடப்புத்தகங்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கு மிகவும் தீவிரமாக, அடிக்கோடு போட்டு, திரும்பத் திரும்பப் படிக்கப்படும் நூல் எது என்று கேட்டால் என் பதில் பள்ளிப் பாடநூல்தான். அதைப் படிக்கிறவர்களுக்கு 25, 28 வயது. சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையே இருக்கிறது.

இதை ரொம்ப நாளாக நான் வாசிப்பில் சேர்த்ததில்லை. நூலகம் என்பது நாவல் எடுக்கிறவர்களுக்கான இடம், இவர்கள் ஃபேனுக்காக வருகிறார்கள் என்று ஒரு மனக்குறை. நூலகர் மேடம்தான் ஒருநாள் என் வாயை அடைத்தார். "அவங்க வீட்ல நாற்காலி போட இடம் இருக்கான்னு யாருக்குத் தெரியும் சார்?"

இந்த விஷயத்தில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் எனக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்குப் போனவர், ஆள் அரவமில்லாத அந்த அறையில் அலுத்துப்போய், மறுபடி வகுப்புக்கே வந்துவிடுகிறேன் என்று பழைய கல்லூரியில் போய் நின்றார். லண்டன் போய் வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். 1931இல் நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931இல் எங்களூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் மன்னார்குடியில், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். ஒரு புத்தகமும் தொடாதவர் கூட ஆறு மாதத்துக்கு ஒருமுறை புத்தகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மாதம் அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து மேடத்திடம் வந்தாள். குரூப் 4க்குப் படிக்கிறவள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து காட்டி, "அக்கா, இதோட முழுசு இங்க இருக்கா?" என்று கேட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து எடுத்த துணைப்பாடம். பசித்து வந்த வழிப்போக்கனுக்குக் கரிசல் காட்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சோற்றைப் பங்கு வைக்கிற இடம். ஆசிரியர் யார், சாகித்திய அகாதெமி பரிசு எந்த ஆண்டு என்று இரண்டு குறிப்பு எடுத்துக்கொண்டு தேர்வுக்காரர்கள் தாண்டிப் போய்விடுகிற பக்கம். 1991 என்று அவளும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். ஆனால் தாண்டவில்லை.

மேடம் உள்ளே போய், கீழ்த்தட்டில் குனிந்து தேடிக் கொண்டுவந்தார். பின்னட்டையில் ஒட்டியிருந்த தவணைத் தாளில் கடைசி முத்திரை 2016. தூசியைத் தட்டிவிட்டு, புது முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது இரண்டாவது கதை. அதற்கு முன்னால் 'கோபல்ல கிராமம்' இருக்கிறது. மங்கத்தாயாரு அம்மாள் பழைய கதை சொல்லச் சொல்ல, ஊர் எப்படி வந்தது என்பது அதில்தான் வரும். சொல்லியிருக்கலாமே என்று இரண்டு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆண்டு மலர் வேறு வந்துவிட்டது. நான் கடைசியில் உ.வே.சா.வைப் பற்றி எழுதிக் கொடுத்த பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் போட்டிருந்தார்கள். அது பரவாயில்லை.

நேற்று வேலை முடிந்து நேராக நூலகத்துக்குப் போனேன். நானே எடுத்து மேடத்திடம் கொடுத்து, அந்தப் பெண் வந்தால் தரச் சொல்லலாம் என்று நினைப்பு. கீழ்த்தட்டில் அந்த இடம் காலி. பக்கத்துப் புத்தகம் சாய்ந்து கிடந்தது.

"அந்தப் பொண்ணு அன்னிக்கே அதையும் எடுத்துக்கிச்சு சார்" என்றார் மேடம். "முதல் பக்கத்தப் புரட்டிட்டு, இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கும்போல இருக்கேக்கான்னு அதுவாவே கேட்டுச்சு. பரீட்சை நெருங்குது, இதுல உக்காந்துட்டா என்ன ஆகறதுன்னு நான்கூடத் திட்டினேன்."

எப்போது திரும்பி வரும் என்று கேட்டேன். எனக்கும் இப்போது படிக்க வேண்டும்போல் இருந்தது.

"தவணை நாளையோட முடியுது. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை, நமக்கு லீவு. நாளான்னிக்கு ரெண்டாம் சனி" என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க சார்."